பத்துப் பெற்றவளும் தனியாக வளர்க்கவில்லை

“நாங்கல்லாம் பத்துப் பெத்து வளர்த்தோம். ஒருத்தியும் இப்படிப் புலம்பினதில்ல.” கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு வந்துபோகிறவர்களில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் படியிறங்குவதில்லை. பாட்டி சொல்கிறார், பெரியம்மா சொல்கிறார், எதிர்வீட்டு மாமி சொல்கிறார். ராத்திரியில் ஒருமுறைகூடக் குழந்தைக்காக எழுந்திராத பெரியப்பாவும் சொல்கிறார். பட்டிமன்ற மேடையில் சொன்னால் கைத்தட்டல் நிச்சயம். கேட்டுக்கொண்டிருக்கும் பெண் சரியாகத் தூங்கிப் பல நாளாகியிருக்கும். தையல் போட்ட இடம் இன்னும் வலிக்கும். வாதாடத் தெம்பு இருக்காது. எதிர்த்துப் பேச ஆளில்லாததாலேயே அந்தப் பேச்சு உண்மை என்று நிலைத்துவிட்டது.

அதற்குள் மூன்று கூற்றுகள் இருக்கின்றன. அன்றைய பெண் தன் பிள்ளைகளைத் தானே வளர்த்தாள். வளர்த்தபோது வாய்விட்டுச் சொல்லாததால் அவளுக்குக் கஷ்டம் இருக்கவில்லை. இன்றைய பெண் சொல்வதால் அவள் பலவீனமானவள். மூன்றும் தவறு. முதல் கூற்று வரலாற்றுப் பிழை, இரண்டாவது தர்க்கப் பிழை. மூன்றாவது இவற்றைவிட மோசம், அது ஆபத்தானது.

முதலில் அந்த வீட்டுக்குள் யார் யார் இருந்தார்கள் என்று எண்ணிப்பார்ப்போம். மாமியார் இருந்தார். நாத்தனாரும் ஓரகத்தியும் இருந்தார்கள். இளம் வயதிலேயே கணவனை இழந்து, பிறந்த வீட்டோடு வந்துவிட்ட அத்தை ஒருத்தி இருந்தாள். அந்த வீட்டுக் குழந்தைகள் பாதி நேரம் அவள் மடியில்தான் கிடந்தன. கைக்குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட, கிராமத்து நாவிதர் குடும்பத்து மருத்துவச்சி வந்தாள். அவளுக்கு நெல்லளந்து அனுப்பினார்கள். எல்லோருக்கும் மேலாக மூத்த மகள் இருந்தாள். எட்டு வயதில் தம்பியை இடுப்பில் சுமந்தவள் அவள். பள்ளிக்கூடம் போகாமல் நின்றவளும் அவள்தான். பத்துப் பிள்ளைகளை ஒருத்தி வளர்த்தாள் என்று எழுதும் கணக்கில் இந்த மகளின் படிப்பும், அந்த அத்தையின் ஆயுளும், மருத்துவச்சியின் உழைப்பும் செலவுப் பக்கத்தில் ஏறவே இல்லை.

இதை நான் கூட்டுக் குடும்பத்தின் பெருமை பாடச் சொல்லவில்லை. அந்த ஆதரவில் பெரும்பகுதி விரும்பிக் கொடுக்கப்பட்டதல்ல. விதவைக்குப் போக்கிடம் இல்லை, மகளுக்குக் கேள்வி கேட்கும் உரிமை இல்லை, மருத்துவச்சிக்குச் சாதி விதித்த வேலை. அந்த ஏற்பாடு உடைந்தது நல்லதே. ஆனால், உடைந்ததற்குப் பதிலாக வேறு எதையும் கட்டாமல் விட்டுவிட்டு, பழைய ஏற்பாட்டின் விளைச்சலை மட்டும் இன்றைய பெண்ணிடம் கேட்பது அநியாயம்.

உழைத்துப் பிழைத்த வீடுகளில் அந்த ஆதரவும் இல்லை. வரப்போரத்து மரக்கிளையில் தூளி கட்டி, காவலுக்கு ஐந்து வயதுப் பிள்ளையை உட்காரவைத்துவிட்டு நாற்று நடப் போனார்கள். இலங்கை மலையகத்தில் ‘பிள்ளைக் காம்பரா’ என்ற தோட்டக் காப்பகத்தில் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனார்கள். பம்பாயின் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் தாய்மார் கைக்குழந்தைக்கு அபின் புகட்டி உறங்கவைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1931இல் வெளிவந்த ராயல் கமிஷன் அறிக்கை இந்த வழக்கத்தைப் பதிவுசெய்திருக்கிறது. ‘அந்தக் காலத்துப் பிள்ளைகள் தொல்லை கொடுக்காமல் வளர்ந்தன’ என்று நெகிழ்கிறவர்கள், சில பிள்ளைகள் எப்படி அமைதியாக இருந்தன என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து, அந்தப் ‘பத்து’. ஊர்ப்புறத்து மூதாட்டிகளிடம் எத்தனை பிள்ளை என்று கேட்டால் நேர்மையான பதில் வரும்: “பெத்தது ஒம்போது, தங்குனது அஞ்சு.” பேரன் பேத்திகள் அந்த வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். 1971இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 ஓராண்டு நிறையும் முன் இறந்தன. 2020இல் அது 28. தமிழ்நாட்டில் 13. இந்த இறக்கம் தடுப்பூசியாலும் மருத்துவமனைப் பிரசவத்தாலும் நல்ல தண்ணீராலும் வந்தது. கூடவே, ஒரு குழந்தைக்கு மூச்சு வாங்கினால், பால் குடிக்க மறுத்தால், உடனே பதறிப்போய் மருத்துவரிடம் ஓடும் தாய்மாராலும் வந்தது. ‘சின்ன விஷயத்துக்கெல்லாம் பதறுகிறார்கள்’ என்ற கேலியை அந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு அற்பமானது என்று தெரியும்.

இறந்த நான்கு பிள்ளைகளைப் பற்றி அந்த மூதாட்டி யாரிடம் பேசினாள்? பெரும்பாலும் யாரிடமும் இல்லை. இங்கேதான் இரண்டாவது பிழை வருகிறது. சொல்லாததால் இல்லை என்று முடிவுகட்டுவது. தாங்கமுடியாமல் போனவர்கள் அன்றும் இருந்தார்கள். அவர்களுக்கு வேறு பெயர் சூட்டப்பட்டது. பிள்ளை பெற்ற வீட்டில் ஒருத்தி பிதற்றினால் சன்னி என்றார்கள். குழந்தையைத் திரும்பிப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் காத்துக் கருப்பு அண்டிவிட்டது என்று வேப்பிலை அடித்தார்கள். கிணற்றில் விழுந்தவளைப் பற்றி ‘கால் தவறி’ என்று சொல்லி முடித்தார்கள். நோயை எண்ணாத காலத்தை நோயில்லாத காலம் என்று சொல்ல முடியுமா?

எண்ணத் தொடங்கியபோது என்ன தெரியவந்தது? வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் 359 கர்ப்பிணிகளைக் கடைசி மாதங்களில் சந்தித்து, பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரங்களுக்குள் மீண்டும் ஆராய்ந்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. 11 சதவீதப் பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு நோய் வந்திருந்தது. அதே ஆண்டு வெளிவந்த கோவா ஆய்வில், பிரசவமாகி 6 முதல் 8 வாரங்களில் 23 சதவீதத் தாய்மாரிடம் மனச்சோர்வு காணப்பட்டது. இந்தப் பெண்களின் கையில் ஸ்மார்ட்போன் இல்லை. ரீல்ஸ் பார்த்து யாரும் சோர்வு கற்றுக்கொள்ளவில்லை. கணியம்பாடிப் பெண்கள் சென்னை ஓஎம்ஆர் அடுக்ககத்தில் குடியிருந்தவர்களும் அல்லர். ‘இதெல்லாம் படித்த பெண்களின் நகரத்து நோய்’ என்ற வாதம் அந்த வட்டாரத்து மண்பாதையிலேயே விழுந்துவிடுகிறது.

அதைவிட முக்கியம், யாருக்கு வந்தது என்பது. கணியம்பாடி ஆய்வு காட்டிய காரணங்கள்: குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சரியில்லாதது, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், உடலுழைப்பில் உதவிக்கு ஆள் இல்லாதது. இந்தப் பட்டியலில் ‘மனத்திடம் இல்லாதவள்’ என்று எதுவும் இல்லை. வறுமையும் வசவும் ஆளின்மையும்தான் இருக்கின்றன. அதாவது, சோர்ந்து கிடப்பவளைப் பார்த்துப் ‘பத்துப் பெத்தோம்’ என்று சொல்லும் மாமியார் நோய்க்கு மருந்து கொடுக்கவில்லை. நோயின் காரணப் பட்டியலில் தன் பெயரையும் எழுதிக்கொள்கிறார்.

எதிர்த்தரப்பில் ஒரு நல்ல வாதம் உண்டு. அதை ஒதுக்க மாட்டேன். ‘அன்று அம்மியும் ஆட்டுக்கல்லும், ஆற்றங்கரைத் துவையலும். இன்று மிக்ஸி, வாஷிங் மெஷின், டயப்பர். பிறகென்ன களைப்பு?’ உண்மைதான். இயந்திரங்கள் பெண்ணின் இடுப்பை உடைத்த பல வேலைகளை எடுத்துக்கொண்டன. ஆனால் கைக்குழந்தையோடு வாழ்வதில் ஆளை வீழ்த்துவது துவையல் அல்ல, தூக்கமின்மை. பிறந்த குழந்தை நாளுக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும் என்று கேட்கும்போது சுகமாக இருக்கும். அந்தத் தூக்கம் இரண்டு மூன்று மணி நேரத் துண்டுகளாக வரும் என்பதுதான் செய்தி. இருபத்துநான்கு மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் கொடுக்க வேண்டும். அதில் பல இரவில். இந்த வேலைக்கு இதுவரை எவரும் இயந்திரம் கண்டுபிடிக்கவில்லை.

மறுபக்கம், முன்பு இல்லாத சுமைகளும் ஏறியிருக்கின்றன. 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். வயிற்றைக் கிழித்துத் தைத்த பெரிய அறுவை சிகிச்சை அது. பித்தப்பை அறுவைக்குப் போய்வந்த ஆணை ஒரு மாதம் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைக்கும் குடும்பம், சிசேரியன் ஆனவளை மறுநாளே எழுந்து உட்கார்ந்து பால் கொடுக்கச் சொல்கிறது. கொடுக்கத்தான் வேண்டும், ஆனால், அவள் அறுவைச் சிகிச்சை நோயாளியும்கூட என்பதை யாராவது ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாமா? தாய்வீட்டில் மூன்று மாதமோ ஐந்து மாதமோ இருந்துவிட்டுத் திரும்பினால், கணவன் வேலைக்குப் போனதிலிருந்து இரவு திரும்பும்வரை நான்கு சுவருக்குள் அவளும் குழந்தையும் மட்டும். கூடப் பிறந்தது ஒன்றோ இரண்டோ என்று வளர்ந்தவள் என்பதால், தன் குழந்தைக்கு முன்னால் எந்தப் பச்சிளங்குழந்தையையும் தூக்கிப் பழகியிருக்க மாட்டாள். அன்றைய பெண் எட்டு வயதில் தொடங்கிய பயிற்சியை இவள் இருபத்தெட்டு வயதில், தேர்வு நாளன்றே தொடங்குகிறாள்.

இந்த நிலையில் கஷ்டத்தைப் பேசுவது எப்படி உதவும் என்று கேட்கலாம். ஓர் உதாரணம் போதும். மாலையானால் குழந்தை காரணமே இல்லாமல் வீறிடுகிறது. பசியில்லை, ஈரமில்லை, காய்ச்சலில்லை. வீட்டில் தீர்ப்புகள் வரிசையாக வருகின்றன: பால் பத்தல, கைச்சூடு பழக்கிட்டே, நீ வெண்டைக்காய் சாப்பிட்டது ஆகல. எல்லா அம்பும் தாயை நோக்கியே. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன் 1962இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான குழந்தைகளின் அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய் நாளுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் நீடித்து, பிறகு இறங்குவதைக் கண்டார். இது அமெரிக்க வளர்ப்பின் கோளாறோ என்றால், இல்லை. ஆப்பிரிக்காவின் காலஹாரியில், நாள் முழுவதும் குழந்தையை உடம்போடு சுமந்து, கேட்கும்போதெல்லாம் பால் கொடுக்கும் குங் மக்களிடமும் இதே ஏற்றமும் இறக்கமும் உண்டு என்று 1991இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அங்கே ஒவ்வொரு முறையும் அழுகை சீக்கிரம் அடங்குகிறது. ஆனால், அந்த உச்சம் அவர்களுக்கும் வருகிறது. எனவே, தூக்கிவைத்திருப்பதால் அழுகை அதிகமாகாது, குறையவே செய்யும். மூன்று நான்கு மாதத்தில் இந்தக் கட்டம் தானாகக் கடந்துபோகும்.

இதை இன்னொரு தாய் வந்து, “என் புள்ளையும் இப்படித்தான் கத்துச்சு, நானும் சேர்ந்து அழுதேன், மூணாம் மாசத்துல நின்னுச்சு” என்று சொன்னால் போதும். அந்த ஒரு சொல்லில் குற்றவுணர்வு பாதி இறங்கிவிடும். ‘நாங்க புலம்பல’ என்று சொல்கிற தலைமுறை இளையவளுக்குக் கொடுக்கத் தவறியது இந்தத் தகவலைத்தான். தங்கள் அனுபவத்தை வைராக்கியமாக மாற்றி மேடையேற்றிவிட்டு, அதன் உபயோகமான பகுதியைத் தங்களுக்குள்ளேயே புதைத்துவிட்டார்கள்.

‘இப்படிக் கஷ்டத்தையே பேசினால், கேட்கிற பெண்கள் பயந்து பிள்ளையே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்’ என்பது அண்மையில் கூடிவரும் குற்றச்சாட்டு. தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் குறைந்தது இளம் தாய்மாரின் பேச்சால்தான் என்பதுபோல் சிலர் பேசுகிறார்கள். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்ற நிலைக்குத் தமிழ்நாடு 2005–06லேயே வந்துவிட்டது. 2019–21இலும் அதே 1.8தான். கைப்பேசியில் தாய்மார் மனம்விட்டுப் பேசத் தொடங்குவதற்கு முன்பே விழுந்த எண்ணுக்கு அந்தப் பேச்சைக் காரணம் காட்ட முடியாது. கஷ்டம் கேட்டு ஓடுகிறவர்களைவிட, கஷ்டத்தில் தனியே விடப்பட்டு இரண்டாவது வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இதில் இன்னொரு வாய்ப்பூட்டும் இருக்கிறது. அதை யாரும் கவனிப்பதில்லை. கஷ்டத்தைச் சொல்லக் கூடாது என்கிற அதே சமூகம் சந்தோஷத்தையும் சொல்லவிடுவதில்லை. பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறது என்றால் ‘கண் பட்டுடும், சொல்லாதே’. எடை கூடியிருக்கிறது என்றால் சுற்றிப்போட உப்பும் மிளகாயும் வந்துவிடும். ராத்திரி முழுக்கத் தூங்கியது என்று சொன்னால் ‘வாய வச்சிட்டியா, இன்னிக்குத் தூங்காது பாரு’. துக்கத்தைச் சொன்னால் நன்றிகெட்டவள், மகிழ்ச்சியைச் சொன்னால் திருஷ்டி. மிச்சம் அவளுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே வாக்கியம் ‘நல்லா இருக்கோம்’ என்பதுதான். அதைச் சொல்லிச் சொல்லியே அவள் தனிமைப்படுகிறாள்.

குழந்தை வளர்ப்பில் இந்த இரண்டும் பிரிந்து வருவதே இல்லை. அழுகை உச்சத்துக்குப் போகும் அதே ஆறாவது வாரத்தை ஒட்டித்தான் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குகிறது. மாலை ஏழு மணிக்கு ‘இதை ஏன் பெற்றேன்’ என்று நினைத்தவள், காலை ஏழு மணிக்கு அந்தப் பொக்கைவாய்ச் சிரிப்பைப் பார்த்து உலகத்தில் தன்னைவிடப் பாக்கியசாலி இல்லை என்று நினைப்பாள். இரண்டு நினைப்பும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பெண் தாய்மையை இழிவுபடுத்தவில்லை. தாய்மையை முழுமையாகச் சொல்வது அவள் மட்டும்தான். சிரிப்பை மட்டும் காட்டும் விளம்பரக்காரனும், அழுகையை மட்டும் காட்டிப் பார்வையாளர் எண்ணிக்கை தேடும் காணொளிக்காரரும் பாதிப் பொய் சொல்கிறார்கள்.

இந்தப் பேச்சு எந்நேரமும் பெண்ணைச் சுற்றியே வருவதைக் கவனியுங்கள். ‘பத்துப் பெத்தோம்’ என்ற வாதத்தில் அப்பா என்று ஓர் ஆளே இல்லை. 2024ஆம் ஆண்டின் இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் உள்ளோரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபட்டார்கள், ஆண்களில் 21.4 சதவீதம். ஈடுபட்ட பெண்கள் நாளுக்கு 140 நிமிடம் செலவிட்டார்கள், ஈடுபட்ட ஆண்கள் 74 நிமிடம். டயப்பர் மாற்றும் அப்பாவை ‘அவளுக்கு ஹெல்ப் பண்றான்’ என்று ஊரே மெச்சுகிறது. தன் பிள்ளைக்குத் தான் செய்வது எப்படி இன்னொருவருக்குச் செய்யும் உதவியாகும்?

சட்டமும் இதே பார்வையோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. 2017இல் வந்த திருத்தம் சம்பளத்தோடு கூடிய பேறுகால விடுப்பை முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக்கியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021இல் 12 மாத விடுப்பு கொடுத்தது. நல்லவை. அப்பாவுக்கு? மத்திய அரசு ஊழியராக இருந்தால் 15 நாள். தனியார் நிறுவனத்தில் இருந்தால் சட்டப்படி எதுவும் இல்லை, முதலாளியின் தயவு. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகும் பெண்ணுக்கோ நடைமுறையில் விடுப்பு என்ற பேச்சே கிடையாது. ஏழைத் தாய்மாருக்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து, 2018 முதல் 18,000 ரூபாய். அந்தப் பணம் பசியை ஆற்றும். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளையை வாங்கிக்கொள்ள ஒரு ஆளைக் கொடுக்காது. இந்த ஓட்டைகளை அடைக்கச் சொல்லிக் கேட்க வேண்டியவர்கள், அதற்குப் பதிலாகப் பெண்ணின் மனவலிமையைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகையால், பேச்சு என்பது வெறும் ஆறுதல் அல்ல. கஷ்டம் சொல்லப்பட்டால்தான் உதவி தேவை என்று தெரியும். எல்லாச் சோர்வும் நோயல்ல; பிரசவமான முதல் இரண்டு வாரத்தில் காரணமில்லாமல் கண்ணீர் வருவது சகஜம், தானே தெளியும். அதற்கு மேலும் நீடித்தால், குழந்தைமேல் ஒட்டுதலே வராமல் போனால், செத்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால், மருத்துவம் வேண்டும். இதைக் கண்டுபிடிக்க 1987லேயே பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் வந்துவிட்டது. அதன் தமிழ் வடிவமும் 2005இல் சோதித்துச் சரிபார்க்கப்பட்டது. நிரப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது. 6, 10, 14ஆவது வாரங்களில் ஒவ்வொரு தாயும் தடுப்பூசிக்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறாள். குழந்தையின் எடையைக் குறிக்கும் அதே மேசையில் அவளிடம் அந்தப் பத்துக் கேள்விகளையும் தவறாமல் கேட்க அரசு உத்தரவிட வேண்டும். பேச ஆளில்லாதவர்களுக்கு டெலி மானஸ் என்ற இலவசத் தொலைபேசிச் சேவை இருக்கிறது, எண் 14416. இந்த எண் பிரசவ வார்டுச் சுவரிலும் தடுப்பூசி அட்டையிலும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

குடும்பத்தார் செய்ய வேண்டியது அதைவிட எளிது. குழந்தையைப் பார்க்கப் போனால் அதை இரண்டு மணி நேரம் வாங்கிக்கொண்டு தாயைத் தூங்கச் சொல்லுங்கள். அடுக்களையில் கிடக்கும் பாத்திரத்தைக் கழுவிவைத்துவிட்டு வாருங்கள். ‘எப்படி இருக்கே’ என்று கேட்டால், ‘நல்லா இருக்கேன்’ என்ற முதல் பதிலோடு எழுந்துவிடாமல் இரண்டாவது பதில் வரும்வரை உட்காருங்கள். மூத்தவர்கள் தங்கள் காலத்தைச் சொல்வதானால் முழுசாகச் சொல்லட்டும்: யார் தூக்கினார்கள், யார் குளிப்பாட்டினார்கள், எந்தப் பிள்ளை தங்கவில்லை, எந்த ராத்திரியில் வீட்டைவிட்டே ஓடிவிடலாம் என்று தோன்றியது. அந்தக் கதையைக் கேட்க இளம் தாய்மார் ஏங்கிக் கிடக்கிறார்கள். இதில் எதையும் செய்ய மனமில்லாதவர்கள், வேறொரு காலத்துப் பெண்ணை அளவுகோலாக நிறுத்தி இவளை மட்டம் தட்டுவதையாவது நிறுத்தட்டும்.